பெயரை மட்டும் மறைத்த விரல்

பின்பனிக்காலம் தன் வருகையை யாருக்கும் அறிவிப்பதில்லை. ஒரு நாள் காலையில் மரங்கள் அதை ஒப்புக்கொள்கின்றன, அவ்வளவுதான். முந்தைய நாள்வரை கிளையை விடாமல் பற்றியிருந்த இலை, காற்றின் தூண்டுதல்கூட இல்லாமல், தன் பிடியைத் தளர்த்திக்கொண்டு இறங்கி வருகிறது. வெயில் உண்டு, வெம்மை இல்லை. தெருவிளக்குகள் விடிந்த பின்னும் அணைய மறந்து, பனிக்குள் மங்கிய மஞ்சள் புள்ளிகளாய் நிற்கின்றன. பேசுகிறவர்களின் மூச்சு வெளியே வந்ததும் வெண்புகையாய்ப் புலப்படுகிறது. நெஞ்சுக்குள் வைத்திருந்ததை ஊர் பார்த்துவிடுமோ என்று அஞ்சுபவர்போல், மனிதர்கள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நடக்கிறார்கள். பிரிவைப் பாட வந்த முன்னோர் இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆசிரியை கண்விழித்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் அவளுடைய கைப்பேசி விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பாராட்டுகள்.

சென்ற வாரம் நாம் அவளை விட்டு வந்தது ஒரு பொத்தானின்மேல். அந்தப் பொத்தானை அவள் அழுத்தியது ஏன் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டிவிட்டு மேலே செல்வோம்.

பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிப்பவள் அவள். கணவர் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்கு ஒரே தங்கை. அண்ணன் வாயில் அவள் 'சின்னு', நமக்குச் சின்னவள். அவளும் ஆங்கில ஆசிரியைதான்; வேறொரு பள்ளியில். சின்னவளின் பதினான்கு வயது மகளைக் 'குருவி' என்று அழைப்பார்கள். அவள் படிப்பது அத்தையின் ஒன்பதாம் வகுப்பில். வீட்டில் 'அத்தை', பள்ளி வாசலைத் தாண்டினால் 'மிஸ்' என்பது இருவருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம்.

இனி, அந்த இணைய வட்டம். மூவாயிரம் ஆங்கில ஆசிரியர்கள் கூடும் இடம் அது. வகுப்பில் எடுபட்ட உத்தியை ஒருவர் சொல்வார். எடுபடாததை இன்னொருவர் வெட்கமில்லாமல் சொல்வார். மாதம் ஒரு கல்விநூலை எடுத்து அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து விவாதிப்பார்கள். சொந்தப் பெயர் அங்கே செல்லுபடியாகாது, ஆளுக்கொரு புனைபெயர். நம் ஆசிரியை அங்கே 'எறும்பு'. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளே கைபிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்த நாத்தனார், 'மூன்றாம் பீரியட்'.

'வீட்டில் யாரும் உட்காராத இடத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்' என்று யாரோ வட்டத்தில் பகிர்ந்த பயிற்சியைப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவள் தன் வகுப்பில் செய்துபார்த்தாள். குருவி எழுதித் தந்த ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'எங்கள் வீட்டில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் யாரும் உட்காருவதில்லை. அதை மட்டும் என் அம்மா தினமும் துடைக்கிறாள். என் மாமா போன் செய்யும்போதெல்லாம் என் அப்பா குளித்துக்கொண்டிருக்கிறார். எட்டு மாதமாகக் குளிக்கிறார். இந்த ஊரிலேயே மிகத் தூய்மையான மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.'

நாத்தனாரின் கணவர் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது என்பதை அவள் அறிந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். கணவரிடம் சொல்லவில்லை. சின்னவளிடம் கேட்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் 'பத்துக்கு ஒன்பது. கடைசி வரி அபாரம்!' என்று எழுதினாள்.

திருப்பித் தந்த கட்டுரை நோட்டை வெள்ளியன்று குருவியிடம் மறுபடி வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்து வட்டத்தில் இட்டாள். மாணவர் எழுத்தைப் பகிரும்போது அடையாளங்களை மாற்ற வேண்டும் என்பது அங்கே விதி. மாற்றினாள். அப்பா அண்ணனானார்; குளியல் தூக்கமாயிற்று; மாமா சித்தியானார். இதயங்கள் குவிந்தன. திங்கள் மாலை, 'சிவப்பு மை' என்ற பெயருடைய ஒருவர் மட்டும் எழுதினார்: 'பதினான்கு வயது எழுத்தா இது? எறும்பு தானே எழுதிவிட்டு மாணவியின் தலையில் ஏற்றுகிறது.'

அந்த ஒரு வரி பொறுக்கவில்லை அவளுக்கு. குருவியின் நோட்டை விரித்தாள், மேல்மூலையிலிருந்த பெயரைத் தன் இடக்கை விரலால் மறைத்தாள், படமெடுத்தாள், 'இதோ சான்று' என்று இட்டாள்.

விரல் பெயரை மறைத்தது உண்மை. ஆனால் அந்தப் படத்தில் அண்ணன் மறுபடியும் அப்பாவாகியிருந்தார். தூக்கம் மறுபடியும் குளியலாகியிருந்தது.

*

"சின்னு போனை எடுக்கவே மாட்டேங்கறா. மூணு தடவை அடிச்சுட்டேன்" என்றார் கணவர். மேசையில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"ஸ்கூலுக்குக் கிளம்பற நேரம். வேலையா இருப்பா."

"மாப்பிள்ளை நம்பரையும் அடிச்சேன். வழக்கம்போலத்தான். ஒருவேளை இன்னிக்குப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் குளிக்கறாங்களோ என்னவோ. வியாதி தொத்திக்கிச்சு போல."

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சிரியேன்ம்மா. நல்ல ஜோக்குதானே? போன மாசம் ஒரு டஜன் சோப்பு அனுப்பிவெச்சேனே, அது தீர்ந்துச்சான்னு கேக்கணும். தீரலைன்னா அந்த மனுஷன் குளிக்கறதே பொய்."

தமது நகைச்சுவையில் தாமே மகிழ்ந்து அவர் சிரித்தார். எதையும் மறைக்கத் தெரியாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. மருந்தகத்தில் கையெழுத்துப் புரியாத சீட்டுகளையெல்லாம் படித்துவிடுகிறவர்; தங்கையின் குரலில் எழுதியிருந்ததை எட்டு மாதமாகப் படிக்கவில்லை. அதைப் படித்துவிட்டவளோ எதிரே அமர்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பேசியை மடியில் வைத்துத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு இதயங்கள். 'மன்னிக்கவும் எறும்பு, தலைவணங்குகிறேன்' என்று சிவப்பு மையே எழுதியிருந்தார். நெஞ்சுக்குள் ஒரு சிறு மத்தாப்பு கொளுத்தப்பட்டது. அதை மறுக்க வேண்டாம். அடுத்த கணம் அவள் கண் வேறொன்றைத் தேடிற்று.

ஞாயிறன்று தட்டச்சுப் பிரதியின் கீழ் முதல் ஆளாக மறுமொழி எழுதியிருந்தது மூன்றாம் பீரியட். நீண்ட மறுமொழி. ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு நினைவிருந்தது. 'இந்தக் குழந்தையின் அம்மாவை உடனே வரவழைத்துப் பேசுங்கள், எறும்பு. தன் மானத்தைக் காக்க ஒரு பொய்யைச் சமைத்து, அதைத் தினமும் பிள்ளைக்குப் பரிமாறுகிறாள் அந்தப் பெண்மணி. பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். இப்படிப்பட்ட தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரக்கமே வருவதில்லை.'

அந்த மறுமொழி அங்கே இல்லை. எழுதியவரே அழித்த தடம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. அழித்த நேரம், படம் ஏறிய ஏழாவது நிமிடம்.

பனி சன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டதுபோல் அவளுக்கு விரல்நுனி மரத்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே படத்தை நீக்கினாள். நீக்கிய இரண்டாம் நிமிடம் வட்டத்தை நடத்துபவரான 'கரும்பலகை'யிடமிருந்து செய்தி வந்தது: 'ஏன் எடுத்துட்டீங்க? பரவாயில்லை, நேத்தே நான் இன்னும் பதினாறு குழுவுக்கு அனுப்பிட்டேன். பெற்றோர் குழுக்கள்ல கூடப் போகுது. எல்லாரும் கண்ணீர் விடறாங்க. சனிக்கிழமை நாலாவது அத்தியாயம் நீங்கதானே பேசறீங்க? இதையே உதாரணமா வெச்சுக்குங்க.'

நான்காவது அத்தியாயம். மாணவரின் எழுத்துக்கு ஆசிரியர் எப்படி மறுமொழி தர வேண்டும் என்பது அந்த மாத நூலின் பொருள். நான்காவதில் அவள் அரைப்பக்கத்துக்கு அடிக்கோடு இட்டிருந்தாள். பச்சை மையில்.

*

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முப்பத்தெட்டுப் பெண்கள். சன்னலோரம் மூன்றாம் வரிசையில் குருவி. அன்று அவள் முன்வரிசைப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் தன்னைச் சரியாகப் பொருத்திக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

ஆசிரியை பாடம் நடத்தவில்லை. நடத்த வாய் வரவில்லை. "பருவங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்தாள். பேனாக்கள் நகர்ந்தன. இருபது நிமிடத்தில் வகுப்பு நோட்டுகள் மேசைக்கு வந்தன. குருவியின் நோட்டை அவள் அடுக்கின் அடியிலிருந்து உருவினாள்.

ஒரு பக்கம். பிழையே இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை. 'பருவங்கள் இயற்கையின் கொடை. அவை மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை' என்று தொடங்கி, கைடு புத்தகத்தில் உள்ள கட்டுரை முற்றுப்புள்ளி மாறாமல் இறங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளாகக் கைடைக் கையால் தொடமாட்டேன் என்று வீம்பு பிடித்த பெண்.

மணி அடித்தது. மற்றவர்கள் வெளியேறினார்கள்.

"குருவி, நில்லு."

நின்றாள்.

"இது நீ எழுதினதா?"

"இல்ல மிஸ். கைடுல இருக்கறது."

"ஏன்?"

"இதை யார் வேணும்னாலும் போட்டோ எடுத்துக்கலாம் மிஸ். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

குரலில் துடுக்கு இல்லை. பாடம் ஒப்பிக்கும் குரல். அது இன்னும் கொடிதாயிருந்தது.

"அம்மா உன்கிட்ட காட்டினாங்களா?"

"நான்தான் அம்மாகிட்ட இருந்து போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அம்மா சமையலறைத் தரையில உக்காந்துட்டாங்க. எனக்கு பயமா இருந்துச்சு." ஒரு கணம் நின்று, "நான் போகலாமா மிஸ்? அடுத்த பீரியட் கணக்கு" என்றாள்.

போனாள். நடையில் பையின் கொக்கி ஆடும் ஓசை, வராந்தா முடியும்வரை கேட்டது.

*

மதிய இடைவேளையில் சின்னவள் வந்தாள். தன் பள்ளியில் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. நூலக அறையில் அப்போது யாரும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்ட அண்ணியைப் பார்த்துத் தலையசைத்து மறுத்துவிட்டு, அலமாரியில் சாய்ந்து நின்றாள்.

"உக்காரும்மா."

"உக்கார வரல அண்ணி. ஒரு கேள்வி கேக்க வந்தேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"மூவாயிரம் பேர்கிட்ட சொல்லிட்டு, வீட்ல இருக்கற ஒருத்தர்கிட்ட சொல்லலையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவரை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஊருக்கே விருந்து வைத்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் பூசணியை மறைத்தவளை இப்போதுதான் காண்கிறோம்.

"பேரை மறைச்சுட்டேன்னு நினைச்சேன் சின்னு."

"பேரை மறைச்சீங்க. அந்தக் கையைப் பிடிச்சு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவ நான். அவ எழுத்தோட வால் எந்தப் பக்கம் வளையும்னு எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும்." சின்னவளின் குரல் உயரவில்லை. ஆசிரியைகள் கோபத்தில் குரலைத் தாழ்த்துகிறவர்கள். "ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பொம்பளையைத் திட்டினேன் அண்ணி. ரசிச்சு ரசிச்சுத் திட்டினேன். நூத்தி இருபது பேர் 'சரியாச் சொன்னீங்க மூன்றாம் பீரியட்'னு போட்டாங்க. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்புறம் திங்கக்கிழமை நீங்க படத்தைப் போட்டீங்க."

யாரோ ஒரு சிறுமி நூலகக் கதவைத் திறந்து, இரண்டு ஆசிரியைகளின் முகத்தையும் பார்த்து, ஓசைப்படாமல் மூடிவிட்டுப் போனாள்.

"நீ ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்றாள் அண்ணி கடைசியில்.

"அண்ணன் பார்த்து வெச்ச மாப்பிள்ளை. ஊரெல்லாம் 'என் தங்கச்சிக்கு நான் தேடின வரன்'னு சொல்லிட்டுத் திரியறவர். அவர் முகத்துல எப்படிச் சொல்றது? திரும்பி வந்துடுவார்னு முதல் மாசம் சொல்லல. வரலைன்னதும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் பொய் பழகிப்போச்சு. குளிக்கறார், குளிக்கறார், குளிக்கறார்." அவள் உதடு கோணியது, அது அழுகையா சிரிப்பா என்று அண்ணியால் சொல்ல முடியவில்லை. "நான் செஞ்சது தப்பு. நானே எழுதிட்டேனே, எல்லாரும் படிச்சாங்களே! ஆனா நீங்க செஞ்சது? யாரோ முகம் தெரியாத ஒருத்தர் உங்களை நம்பலைன்னு, என் பொண்ணை எடுத்துச் சாட்சிக் கூண்டுல ஏத்திட்டீங்க."

"நல்லா எழுதியிருந்தா சின்னு. அதனாலதான்…"

"சுமாரா எழுதியிருந்தா தப்பிச்சிருப்பா, இல்ல?"

சின்னவள் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பம். கையெழுத்து இட்டிருந்தது; தேதி மட்டும் இடவில்லை.

"ஆண்டுத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கு!" என்றாள் அண்ணி பதறி. "இப்ப ஸ்கூல் மாத்தினா அவளுக்கு என்ன ஆகும்? என்மேல இருக்கற கோபத்தை…"

"கோபம் இல்ல. அவ இனிமே இந்த வகுப்புல எழுத மாட்டா. உங்களுக்கே தெரியும்." காலையில் வந்த கைடுக் கட்டுரை அண்ணியின் கண்முன் நின்றது. "சாயங்காலம் வீட்டுக்கு வரேன். அண்ணன்கிட்ட நானே சொல்லணும். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க. பன்னிரண்டு நாள் மூடி வெச்சீங்க, இன்னும் நாலு மணி நேரம் முடியாதா?"

*

மாலை ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள். பனி அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாடா குருவி! வா சின்னு! என்ன அதிசயம், வார நாள்ல? மாப்பிள்ளை எங்க? இங்க எங்க பாத்ரூம்லயும் தண்ணி வருதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

சின்னவள் சொன்னாள். நின்றபடியே, ஐந்தாறு வாக்கியத்தில், வருகைப் பதிவு வாசிப்பதுபோல் சொன்னாள். குருவியின் அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். எட்டு மாதம் ஆகிறது. வேறொரு ஊரில் தனியாக இருக்கிறார் என்று கேள்வி. சண்டை இல்லை, ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அப்போதிருந்து பழைய எண்ணில் போனை எடுப்பதில்லை. அவ்வளவுதான்.

கணவர் சட்டையைக் கையில் பிடித்தபடியே சோபாவின் விளிம்பில் அமர்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, யாரும் எதிர்பாராதது.

"அந்த சோப்பு?"

"பிரிக்கவே இல்ல மாமா" என்றாள் குருவி. "அலமாரியில அப்படியே இருக்கு."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஐம்பது வயது மனிதர், தாம் சொன்ன ஒவ்வொரு வேடிக்கையும் எந்தச் சுவரில் போய் மோதியது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் அருகே போய் அவர் தோளில் கைவைத்தாள். தேற்ற வேண்டியவர் யார், தேற்றப்பட வேண்டியவர் யார் என்பது அந்த வீட்டில் தலைகீழாகியிருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" தலை நிமிராமலே அவர் மனைவியைக் கேட்டார்.

"பன்னிரண்டு நாளா."

"எப்படி?"

குருவியின் கட்டுரை நோட்டு அவளுடைய பையில் இருந்தது. எடுத்து நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தை மெல்ல எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தார். 'மாமா போன் செய்யும்போதெல்லாம்' என்ற வரியில் நின்றார். பிறகு ஓரத்திலிருந்த சிவப்பு மைக்கு வந்தார்.

"பத்துக்கு ஒன்பது" என்று படித்தார். "ஒரு மார்க்கை எதுக்கும்மா குறைச்ச?"

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தை" என்றாள் குருவி.

நாள் முழுதும் அவள் சொல்லாத சொல். ஆசிரியை நிமிர்ந்தாள்.

"அதை நான் மிஸ்ஸுக்கு எழுதல. உங்களுக்குத்தான் எழுதினேன். அம்மா யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. பேசினாத்தானே சத்தியம் உடையும், எழுதினா உடையாதுன்னு நினைச்சேன். நீங்க படிச்சுட்டு மாமாகிட்ட சொல்வீங்க, மாமா அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்து நிப்பாங்கன்னு… நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். அப்புறம் நோட்டு வந்துச்சு. மார்க் போட்டு."

ஒரு மடல் அனுப்பப்பட்டிருந்தது. அதைக் கையில் வாங்கியவள் அதன் நடையை வியந்து, நாலு பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் நோட்டுகள்! அவற்றில் எத்தனை மடல்கள் இருந்திருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"மன்னிச்சுடு கண்ணு."

பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் உடனே தந்துவிட வேண்டும் என்று பழக்கப்பட்ட குழந்தைதான் குருவி. அன்று தரவில்லை. நல்லதே செய்தாள்.

"கிளம்பறோம் அண்ணா" என்றாள் சின்னவள். "நாளைக்குக் காலையில ஸ்கூல் ஆபீசுக்குப் போறேன். தேதி போட்டுக் குடுத்துடுவேன்."

"நானும் வரேன்" என்றார் அவர். எந்தப் பக்கம் பேச வருகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல்வரை போய், தங்கை மகளின் தலையில் கைவைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேடிக்கை ஒன்றும் வரவில்லை. அவருக்கு வேறு மொழி தெரியாது.

*

அவர்கள் போய்க் கால்மணி நேரம் ஆகியிருக்கும். மேசைமேல் கைப்பேசி ஒளிர்ந்தது. புதிய எண். முதலில் ஒரு படம்: கோடு போட்ட தாள், வளைந்த எழுத்து, மேல்மூலையில் ஒரு விரல். பிறகு செய்தி.

'இது என் பொண்ணோட எழுத்து. ஓரத்துல இருக்கற சிவப்பு மை உங்க கையெழுத்துன்னு தெரியுது. யாரோ ஒரு பெற்றோர் குழுவுல வந்ததைக் கூட வேலை பார்க்கறவர் காட்டினார். அவளைப் பார்க்கணும். நாளைக்கு மதியம் ஸ்கூலுக்கு வரட்டுமா? அவ அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உங்களை நம்பறேன்.'

மூன்று முறை படித்தாள். மறுபடியும் ஓர் இரகசியம். மறுபடியும் அவள் கையில். நாளை காலை சின்னவள் சான்றிதழ் வாங்க வருகிறாள். மதியம் இவர் வருகிறார். இடையே அந்தப் பெண்.

எழுந்து, கைப்பேசியைக் கணவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் படித்தார்.

"இதையாவது எனக்குக் காட்டணும்னு தோணிச்சே."

"சின்னுவுக்கு இப்பவே சொல்லிடலாங்க."

"சொன்னா நாளைக்கு விடியறதுக்குள்ள அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு எங்கயாவது போயிடுவா. சொல்லலைன்னா நீ செஞ்சதையே நானும் செஞ்சவனாவேன்." கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "யோசிக்கணும். கொஞ்சம் என்னைத் தனியா விடு. உன் முகத்தைப் பார்த்துட்டு என்னால யோசிக்க முடியல."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை. அடித்திருந்தால் தேவலை.

வட்டத்திலிருந்து அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. அவள் அதைத் திறந்து, 'சனிக்கிழமை நான் பேசவில்லை. பேசத் தகுதி இல்லை' என்று எழுதினாள். காரணம் கேட்டு உடனே ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். அவள் நூலை எடுத்து, பச்சை மையில் தான் இட்ட அடிக்கோடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது.

வெளியே பொழுது முற்றும் சாயவில்லை. கூடத்தின் மூலையில் தெய்வத் திருவுருவம் வைத்த சிறு மாடம். நாள்தோறும் இந்த வேளையில் அவள் அங்கே நின்று, சிறு வயதில் மனப்பாடம் செய்த துதிப்பாடல் பத்தையும் ஒரு சொல் பிசகாமல் பாடுவாள். வகுப்பில் மாணவிகளுக்குச் சொல்லும் அதே தெளிவான உச்சரிப்பு. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

இன்று முதல் பாட்டின் முதலடி வந்தது. இரண்டாம் அடி வரவில்லை. வற்புறுத்தவில்லை அவள். அழகாக வரும் எதையும் அந்த வேளையில் அவளால் நம்ப முடியவில்லை. தரையில் மண்டியிட்டு, கைகூப்பி, சொல் ஏதும் இல்லாமல் இருந்தாள். முழங்கால் கடுத்தது, எழவில்லை. தனக்காகக் கேட்க வந்த மன்னிப்பையும் நாவின் நுனியிலேயே நிறுத்திக்கொண்டாள். அந்தக் குழந்தை கொடுக்காததை இங்கே வந்து வாங்கிக்கொள்வது குறுக்கு வழியாகும் என்று பட்டது.

"அவளுக்கு ஒரு நல்ல வாசகரைக் கொடு" என்றாள் மெல்ல. "அது நானா இருக்கணும்னு இல்ல."

நெற்றி தரையைத் தொட வணங்கினாள். பிறகு எழுந்து சன்னலைத் திறந்தாள். பனி முகத்தில் படிந்தது. தெருக்கோடிக்குப் பேருந்து பிடிக்கப் போன தாயும் மகளும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் போன திசை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

"நல்லா இரு, கண்ணு. நீ எழுதறது எல்லாம், போய்ச் சேர வேண்டியவங்ககிட்ட போய்ச் சேரட்டும்."